எந்தச் சீசன் என்று நான் கேட்கவில்லை

மக்காவில் ஓட்டல் சமையலறையில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டிய என் வாப்பா சேக் மைதீன் அவர்களுக்கு,

தென்காசியிலிருந்து மகள் அதீபா, எட்டாம் வகுப்பு, ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். உம்மா நலம். அருவிதான் நலமில்லை. அதற்குக் காரணம் நான். போனில் பேசி அனுப்பினால் உம்மா கேட்டுவிடுவாள் என்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஜித்தாவுக்கு விமானம் ஏறும் அஃப்சல் மாமாவிடம் ஊறுகாயோடு கொடுத்துவிடுவேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நோன்புப் பெருநாள் அன்று போனில், "சீசன் முடிஞ்சதும் வந்துருவேன்ட்டி" என்றீர்கள். உடனே லைன் போய்விட்டது. எந்தச் சீசன் என்று நான் கேட்கவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை அதை எதற்குக் கேட்க வேண்டும்? சாரல் அடிக்கும், அருவி விழும், வெளியூர்க்காரர்கள் ஈரத்துண்டோடு நடப்பார்கள். வேறு சீசன் எனக்குத் தெரியாது. அது சீக்கிரம் முடிந்தால் நீங்கள் சீக்கிரம் வருவீர்கள் என்று நினைத்தேன். ஜூன் மாதம் சீசன் தொடங்கிய அன்றே, அது முடிய வேண்டும் என்று துஆ கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தி கேட்டால் போதாது என்று என் கூட்டாளி உமாராணிக்கு இரண்டு ரம்புட்டான் கொடுத்து இசக்கியம்மனிடமும் கேட்கச் சொன்னேன்.

அந்த நாட்களில் ஒவ்வொரு இரவும் ஒரே கனவு. ஐந்தருவியில் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில் நீங்கள் பெட்டியோடு நிற்கிறீர்கள். வெள்ளையாகத் தண்ணீர் விழுவதால் முகம் தெரியவில்லை. சட்டையின் நீலம் மட்டும் கலங்கிக் கலங்கித் தெரிகிறது. ஏதோ சொல்கிறீர்கள், இரைச்சலில் கேட்கவில்லை. தண்ணீர் நின்றால் ஒரே எட்டில் இந்தப் பக்கம் வந்துவிடுவீர்கள். காலையில் தலையணை ஈரமாக இருக்கும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது என்று உம்மாவிடம் சொல்வேன்.

வாப்பா, கேட்டது நடந்துவிட்டது. ஜூலை பிறந்ததும் சாரல் நின்றது. ஐந்தருவி முதலில் நாலாயிற்று, பிறகு மூன்றாயிற்று, இப்போது ஒன்றரை. வேனில் வந்த ஒரு குடும்பம் மீதி மூன்றரை எங்கே என்று உம்மாவின் பழக்கடையில் வந்து சண்டை போட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஒருவர், கழுவ வழியில்லாமல், நம் கடைமுன் மதியம் வரை மினுமினுவென்று உட்கார்ந்திருந்தார். கடைசியில் உம்மாதான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றி அனுப்பினாள். மங்குஸ்தான் எல்லாம் கல்லாகிவிட்டது. ரம்புட்டானின் முடி கறுத்துவிட்டது. விற்காத பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாளாக அதைத்தான் இரவில் தின்கிறோம். அப்படித் தின்றுகொண்டிருந்தபோதுதான் உம்மா சொன்னாள்:

"இந்தச் சீசன் நல்லா ஓடிட்டுன்னா உங்க வாப்பாவ இங்கன வந்து கடையில உக்காரச் சொல்லிருவேன். ஓடலன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்கு அங்கனயே வேலைக்கு எழுதிக் குடுத்துருவாக."

ரம்புட்டான் கொட்டை என் தொண்டையில் நின்றுவிட்டது. உம்மா முதுகில் தட்டினாள். கொட்டை வந்தது, பயம் வெளியே வரவில்லை. உங்களை வரவைக்க நான் கேட்டது உங்களை வரவிடாமல் அல்லவா செய்கிறது!

அன்றிலிருந்து சீசன் என்ற அந்தச் சொல் போகிற இடமெல்லாம் என் பின்னால் வருகிறது. நம் வாசல் நிலைக்கு மரம் பார்க்க வந்த குத்தாலிங்கம் ஆசாரி, பலகையைத் தட்டிப் பார்த்து, மரம் இன்னும் ஈரம் காய்ந்து சீசன் ஆகவில்லை என்றார். உமாராணியின் அப்பா தெருவில் நின்று, "சீசன் முடிஞ்சுட்டு, நாளைக்கே எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டீர்கள் என்று செருப்பில்லாமல் ஓடினேன். அவர் திருநெல்வேலி ரயிலுக்கு மாதாமாதம் எடுக்கிற டிக்கெட்டைச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத் தேர்வில் அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். இந்த வருடம் சீசன் அரைகுறை என்று எழுதினேன். தங்கத்தாய் டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "குத்தாலத்துக்காரிக்கு ஒரே சீசன்தானா?" என்று எழுப்பி நிறுத்தினார். வருடத்துக்கு நான்கு சீசனாம். சூப்பில் உப்பும் மிளகும் போடுவதும் அதே சொல்லாம். நீங்கள் சமையலறையில் இருப்பதால், அங்கே உப்பும் மிளகும் தீர்ந்ததும் வருவேன் என்றீர்களோ என்றுகூட யோசித்தேன்.

பொறுக்க முடியாமல் நேற்று அஃப்சல் மாமாவிடம், சும்மா கேட்பதுபோல, அங்கே சீசன் என்றால் என்ன என்று கேட்டேன்.

"எங்களுக்குச் சீசன்னா ஹஜ்ஜுதான். அது முடிஞ்சு ஒரு மாசமாச்சேட்டி" என்றார்.

ஆக, உங்கள் சீசன் அப்போதே முடிந்துவிட்டது. நான்தான் அது தெரியாமல், ஒன்றும் செய்யாத ஒரு அருவியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், வாப்பா. தப்பு கடையின் மேல் இல்லை, என் மேல்.

உங்கள் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும், நல்ல முதலாளியையும், சீக்கிரம் ஒரு விமானத்தையும் தரட்டும்.

உங்கள் மகள்,
அதீபா

பின்குறிப்பு: கூரைத் தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டு உம்மா எழுந்துவிட்டாள். என்ன எழுதுகிறாய் என்றாள். சீசன் பற்றிக் கட்டுரை என்றேன். "எழுது, எழுது. வந்துட்டுல்லா!" என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் போய் நனைந்துகொண்டு நிற்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் இப்போது உண்மை இல்லை. இந்தச் சீசன் முடியவே கூடாது என்று நாளையிலிருந்து நானும் உமாராணியும் கேட்கப் போகிறோம். நாங்கள் கேட்டால் நடந்துவிடுகிறது. அதனால் முடிந்ததும் வரலாம் என்று இருந்துவிடாதீர்கள், வாப்பா. நடுவிலேயே வந்துவிடுங்கள்.