ஐந்து நிமிடக் களிம்பும் ஆறு வார மருந்தும்

ஒரு காட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். மான் மரத்தில் முதுகைத் தேய்த்தது. கரடி பாறையில் தேய்த்தது. யானை எதில் தேய்த்தாலும் அது சாய்ந்துவிட்டதால், பாவம், மலையடிவாரம் வரை நடந்துபோய்த் தேய்த்துவிட்டு வந்தது. படர்தாமரை. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, வட்டம் வட்டமாகத் தோலில் பரவுகிற அதே நோய்தான். சிறுத்தைக்கு வந்தபோது, உடம்பில் ஏற்கெனவே இருந்த வட்டம் எது, புதிதாக வந்தது எது என்று தெரியாமல் அது கொஞ்ச நாள் நிம்மதியாகவே இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் இருந்தார். பெயர் டாக்டர் விசாலாட்சி. தேவாங்கு இனம், முகத்தில் பாதிக்கு மேல் கண். தோல் நோய், தொற்று, நோய் எதிர்ப்புச் சக்தி என்று மூன்றையும் கரைத்துக் குடித்தவர். ஆனால் நடை ரொம்ப மெதுவு. ஒரு காலை எடுத்து மறுகாலை வைப்பதற்குள் மற்ற மிருகங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்துவிடும். ஒரு புங்கமரப் பொந்துதான் அவருடைய ஆய்வுக்கூடம். அதில் உட்கார்ந்து, இது பூஞ்சையால் வருகிற நோய் என்று கண்டுபிடித்தார். அதற்கு மரப்பட்டையிலிருந்து ஒரு மருந்தும் காய்ச்சினார். மருந்து நல்ல மருந்து. ஒரே குறை, ஆறு வாரம் போட வேண்டும். வட்டம் மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது. இதை ஒரு மிருகத்திடம் சொல்லிப் பாருங்கள், அது உங்களை எப்படிப் பார்க்கும் என்று தெரியும்.

காட்டின் நடுவே ஒரு மெடிக்கல் ஷாப்பும் இருந்தது. அதை நரி நாகப்பன் நடத்திவந்தான். ஆமாம், நரிதான். ஒரு மாறுதலுக்கு முயலை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் முயல், டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து தராது, கதை அங்கேயே முடிந்துவிடும். நாகப்பன் விற்றது 'சுகம்' களிம்பு. தடவின ஐந்தாவது நிமிடம் அரிப்பு நின்றுவிடும், தோலும் பளபளக்கும். வட்டம் கொஞ்ச நாள் மங்கும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். திரும்பி வந்தால் என்ன, இன்னொரு டியூப் வாங்கிக்கொள்வார்கள்.

யானை கொம்பையா ஒரு மாலை விசாலாட்சியிடம் வந்தார். அவர் விலாவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது.

"டாக்டரம்மா, நாகப்பன் களிம்பு போட்டா உடனே சுகமா இருக்கு. ஆனா தாமரை மட்டும் படர்ந்துக்கிட்டே போகுது. இது என்ன கணக்குன்னு புரியல."

"அரிப்புங்கறது பூஞ்சை போடற சத்தம் இல்ல கொம்பையா. உங்க உடம்போட வாட்ச்மேன் போடற சத்தம். திருடன் வந்துட்டான், வந்துட்டான்னு கத்தறான். அந்தக் களிம்புல ஸ்டீராய்டு இருக்கு. அது வாட்ச்மேனுக்கு டீயில மயக்க மருந்து கலந்து குடுக்குது. வீடு அமைதியாயிடும். திருடன் உள்ளதான் இருக்கான்."

கொம்பையா காதை ஆட்டி யோசித்தார். "அமைதியா இருக்கற திருடனால நமக்கு என்னம்மா தொந்தரவு?"

விசாலாட்சி மருந்துச் சட்டியைக் கிளறத் திரும்பிக்கொண்டார். அவர் படித்த படிப்பில் இந்தக் கேள்வி வந்திருக்கவில்லை.

விஷயம் கடைசியில் சிங்கராஜா வரைக்கும் போனது. பிடரிக்குள் அவருக்கும் வந்திருந்தது என்று பேச்சு, பார்த்தவர்கள் யாரும் இல்லை. ராஜா சபையைக் கூட்டிச் சொன்னார். "அடுத்த பௌர்ணமிக்கு அடுத்த பௌர்ணமி மறுபடி கூடுவோம். ஒரே ஒரு மிருகத்தையாவது முழுசா குணப்படுத்தி யார் இங்க நிறுத்தறாங்களோ, அவங்க மருந்துதான் இனி இந்தக் காட்டுக்கு. மத்ததுக்கு இங்க இடம் இல்லை."

விசாலாட்சிக்குத் தூக்கம் போனது. தேவாங்குக்குப் பகலில்தான் தூக்கம், அந்தப் பகல் தூக்கம் போனது. இதில் தோற்றால் காடு முழுக்கக் களிம்புதான். பிறந்த குட்டி முதல் பல் விழுந்த கிழம் வரை வட்டத்தோடு அலைய வேண்டும். ஆனால் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு நோயாளி. ஆறு வாரம் சொன்னபடி கேட்கிற ஒரே ஒரு ஜீவன். இவ்வளவு பெரிய காட்டில் அது கிடைக்காமலா போய்விடும்?

கிடைக்கவில்லை. கொம்பையாவுக்கு ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது. உடனே மருந்தை நிறுத்திவிட்டு, மிச்சத்தை மச்சான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். "அவருக்கும் இதே மாதிரிதான் இருக்கு, வீணாப் போவானேன்னு" என்றார். கரடி மருந்தைப் போட்டுக்கொண்டது, பிறகு தேன் வாசனை வருகிறது என்று நக்கிவிட்டது. குரங்கு ஒரு கையில் இந்த மருந்தையும் மறுகையில் 'சுகம்' களிம்பையும் எடுத்து, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கேட்கும் என்று குழைத்துப் பூசிக்கொண்டது. விசாலாட்சி பொந்துக்குள் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய கண்ணில் அழுகை வந்தால் சீக்கிரத்தில் நிற்காது.

அப்போதுதான், இருட்டுகிற நேரத்தில், பொந்தின் பின்பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பார்த்தால் நாகப்பன்.

"டாக்டரம்மா, வெளிய சொல்லிடாதீங்க." வாலை மெல்லத் தூக்கிக் காட்டினான். அடியில் செக்கச்செவேல் என்று ஒரு வட்டம். "கடைக்கு வர்றவங்க எல்லாம் பக்கத்துல நின்னு சொறியறாங்க. ஒட்டாம இருக்குமா?"

"உங்க கடையிலயே களிம்பு இருக்கே?"

நாகப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. அதை மனுஷன் போடுவானா? நான் புள்ளகுட்டிக்காரன்."

விசாலாட்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆசைதான் வந்தது. "ஆறு வாரம் ஆகும்" என்றார். "ஆகட்டும்" என்றான். "வட்டம் போன பிறகும் நிறுத்தக் கூடாது." "நிறுத்த மாட்டேன்." "படுக்கற இலையைத் தினம் மாத்தணும்." "மாத்திடறேன்." ஒரு டாக்டரிடம் இதைவிடக் காதல் மொழி பேச முடியாது. விசாலாட்சி உருகிப்போனார்.

"சபைக்கு வந்து நிப்பீங்களா?"

"சத்தியமா வந்து நிப்பேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. களிம்புக்காரன் உங்ககிட்ட வந்தான்னு தெரிஞ்சா என் பொழப்பு போயிடும்."

நோயாளி ரகசியம் என்பது விசாலாட்சிக்குத் தாய் மேல் சத்தியம் மாதிரி. அதனால் பின்பக்க ஓட்டையைத் தானே பெரிதாக்கிக் கொடுத்தார். வழியில் இருந்த மின்மினிகளையும் போகச் சொல்லிவிட்டார். நாகப்பன் ஒரு வேளை தவறவில்லை. எண்ணெய்ப் பலகாரத்தைக்கூட நிறுத்தட்டுமா என்று கேட்டான், அது தேவையில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. வட்டம் சுருங்கியது, மங்கியது, ஒரு நாள் அடியோடு போனது. அந்த இடத்தில் புது மயிர் முளைத்தபோது விசாலாட்சி அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் மருந்தைக் கடைசி வரை போட்டிருக்கிறார்.

சபை கூடியது. விசாலாட்சி கிளையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, நாகப்பன் நடுவில் வந்து ராஜாவுக்கு முதுகைக் காட்டி வாலைத் தூக்கினான். ராஜசபையில் செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் தோல் அப்படிப் பளபளத்தது.

"ராஜா, இங்க இவ்வளவு பெரிய தாமரை இருந்துச்சு. இப்ப பாருங்க, சுத்தம். எல்லாம் 'சுகம்' களிம்புதான்."

விசாலாட்சிக்குப் பிடி நழுவியது. வால் இல்லாத பிராணி, பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் தொப்பென்று கீழே விழுந்தார்.

"உனக்கு நோய் இருந்ததுக்கு யார் சாட்சி?" என்றார் ராஜா.

"டாக்டரம்மாவே சாட்சி. என் வாலைப் பார்த்திருக்காங்க. பொய் சொல்ல மாட்டாங்க, கேளுங்க."

"இருந்தது ராஜா. ஆனா குணமானது என் மருந்துல. ஆறு வாரம் என் பொந்துக்கு வந்தான்."

"களிம்புக் கடையே வெச்சிருக்கறவன் உங்க பொந்துக்கு எதுக்கு வரணும்?" என்றார் ராஜா.

"தன் களிம்புல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியும், அதனால."

சபை கொல்லென்று சிரித்தது. கொம்பையாவும் சிரித்தார். அவன் அங்கே போனதை யாராவது பார்த்தீர்களா என்று ராஜா கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. விசாலாட்சி அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே.

தீர்ப்பு நாகப்பன் பக்கம். அவன் கைகூப்பிக்கொண்டு, மிகுந்த பணிவோடு இன்னும் ஒன்று கேட்டான். "போலி மருந்து காட்டுல நடமாடக் கூடாது ராஜா. குட்டிங்க வாயில வெச்சிடப் போகுதுங்க." அன்றே பொந்தைக் காலி செய்தார்கள். சட்டிகளை உடைத்தார்கள். காய்ச்சின மருந்தை ஆற்றில் கொட்டினார்கள். பட்டை உரித்த மரங்களையும் கொம்பையாவை விட்டே சாய்த்தார்கள். விசாலாட்சியை வெறுமனே விடவில்லை. களிம்பு டியூபின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரியாகப் போட்டார்கள்.

அதன் பிறகு காடு அமைதியாகிவிட்டது. யாரும் சொறியவில்லை. எல்லோர் உடம்பிலும் தலை முதல் வால் வரை வட்டம், வட்டத்துக்குள் வட்டம். களிம்பு தீர்ந்துபோகிற நேரத்தில் மட்டும் கடை வாசலில் கூட்டம் மிதிபடும். நாகப்பனுக்கு நிற்க நேரமில்லாத வியாபாரம்.

அத்தனை பேரோடும் உரசி உரசி வியாபாரம் செய்தவன் எவ்வளவு நாள் தப்ப முடியும்? ஒரு மாலை விசாலாட்சியின் மேசை முன்னால் வந்து நின்றான். இந்த முறை வாலைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே இருந்தது.

"டாக்டரம்மா, மறுபடி வந்துடுச்சு. அந்த மருந்து குடுங்க. ஆறு வாரம் இல்ல, ஆறு மாசம்னாலும் போடறேன்."

விசாலாட்சி தன் முழங்கையைக் காட்டினார். அங்கேயும் ஒன்று வந்திருந்தது, 'சுகம்' களிம்பை அவர் மட்டும் தொடுவதில்லை. அதைச் சொறிந்துகொண்டே சொன்னார். "எங்கிட்ட இல்ல நாகப்பன். ஒரு சொட்டுகூட இல்ல. பட்டைக்கு மரமும் இல்ல."

"உங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பீங்களே?"

"இருந்தா நான் ஏன் சொறியறேன்?"

நாகப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விசாலாட்சிக்கு முதலில் பாவமாக இருந்தது. பிறகு, எவ்வளவு அடக்கியும் முடியாமல், சிரிப்பு வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து, ஒரு புது டியூபை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று முறைப்படி திருகிப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

"அஞ்சு நிமிஷத்துல சுகமாயிடும்" என்றார்.

நீதி: எதிராளியின் மருந்துக்குத் தடை வாங்கப் போகிறவர்கள், முதலில் தங்கள் வீட்டுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.