கிராம் கணக்கில் ஒரு மைசூர்பாகு

ரோஸ்மேரியைப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை எடை அளவு இன்ஸ்பெக்டர் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. உடனே அருள்நாதன் வாத்தியார் அடுப்படிக்குள் புகுந்து மாவு அளக்கிற பித்தளை ஆழாக்கைக் கைப்பற்றினார்.

"கிராம் சட்டம் வந்தப்புறமும் படி, ஆழாக்கு வச்சிருக்க கடைக்காரங்க மேலெல்லாம் கேஸு எழுதுறாராம் அந்தத் தம்பி. இனிமே நம்ம வீட்ல எல்லாம் கிராமுதான்."

"சட்டம் கடைக்குத்தானேங்க? அடுப்படிக்குமா?" என்றாள் மனைவி இஞ்ஞாசியம்மாள்.

"அதிகாரி வாய்க்குள்ள போறதுக்கு அதிகாரி அளவுதான் வேணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. ரோஸ்மேரிக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் காபியோடு எழுந்து போய்விட்டன. இதுவும் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பூசையில் முழங்காலிட்டபோதும் அவருக்கு அதே கவலை.

இஞ்ஞாசியம்மாளின் மைசூர்பாகுக்குப் பேகம்பூர் வரை பெயர் உண்டு. ஓர் ஆழாக்குக் கடலை மாவுக்கு இரண்டு ஆழாக்குச் சீனி, மூன்று ஆழாக்கு நெய். வாத்தியார் கடையிலிருந்து தராசும் புது எடைக்கற்களும் இரவல் வாங்கி வந்தார். மாவை ஆழாக்கில் அளந்து, காகிதத்தில் கொட்டி நிறுத்தார். தொண்ணூறு கிராம் காட்டியது.

"முடிஞ்சது. ஆழாக்குன்னா தொண்ணூறு கிராம். நெய்யானாலும் சீனியானாலும் அதே கணக்குத்தான்."

அவர் பள்ளியில் நடத்துவது சரித்திரம்.

மாப்பிள்ளை கண்ணில் படாமலிருக்க ஆழாக்கு அடுத்த வீட்டுக் குர்ஷித் பேகத்திடம் அடைக்கலம் போனது. அடுப்பில் மாவு நெய்யைக் குடித்துவிட்டு, இன்னும் கேட்டது. கேட்டதைக் கொடுக்க வாத்தியார் விடவில்லை. ஆறியபின் வெட்டப் பார்த்தால் கத்தி வளைந்தது.

"மாவும் நெய்யும் ஒரே எடையாங்க இருக்கும்?" என்று இஞ்ஞாசியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

வாத்தியார் வேலிப்பக்கம் போய் ஆழாக்கைத் திரும்ப வாங்கினார்.

"என்ன வாத்தியாரய்யா, போறதும் வாரதுமா இருக்கு?" என்றாள் குர்ஷித் பேகம்.

நெய்யைக் காகிதத்தில் கொட்ட முடியாது. ஆகவே பித்தளை ஆழாக்கோடு சேர்த்தே தராசில் வைத்தார். நானூறு கிராம்! பித்தளைக்கும் எடை உண்டு என்பது அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. ஆழாக்கு மறுபடி வேலி தாண்டியது.

இந்த முறை மைசூர்பாகு நெய்க்குள் முழுகிப்போய்க் கிடந்தது.

"ஏங்க, இதுல தலைக்குக் குளிக்கலாம்."

"பதறாத. முதல்ல செஞ்சதை இடிச்சு இதுல போடு. அது நெய்யைக் குடிச்சுக்கிடும்."

குடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மாவு போடச் சொன்னார். அது பச்சையாக நின்றது. தீயைக் கூட்டச் சொன்னார். அடி பிடித்தது. ரோஸ்மேரி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை மிக்கேல்ராஜும் அவருடைய தாயார் அன்னாளும் வந்துவிட்டார்கள். வேறு பலகாரத்துக்கு நேரமில்லை. கரிய நிறத்தில் இருந்ததைத் தட்டில் வைத்து ரோஸ்மேரி கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளை ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்வதை நிறுத்தினார். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். இதுல போட்டது அம்புட்டும் கிராம் கணக்கு. இந்த வீட்ல ஆழாக்குங்கிற பேச்சே கிடையாது."

மாப்பிள்ளை முகம் வாடிப்போனது. அன்னாள் கையிலிருந்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"எங்க வீட்லயும் இவன் தராசக் கொண்டாந்து வச்சு, நானும் கிராம் கணக்குல ஆக்கிப் போட்டு, ஒரு வருசமா இதைத்தான் திங்கிறான். ஆழாக்கு வச்சு ஆக்குற வீட்ல பொண்ணு பாருங்கம்மான்னு ஒத்தக் கால்ல நின்னு, உங்க மைசூர்பாகு பேரைக் கேட்டு என்னைய இங்க கூட்டியாந்ததே இவன்தான்."