மெல்தேமி யார் வீட்டுக் காற்று?

"மெல்தேமிங்கிறது துருக்கி வார்த்தைதானே, சம்பந்தி?" என்று பாந்தெலிஸ் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், வாத்தியார் ப்ரோத்ரமோஸ் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே அந்த மெல்தேமிதான் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டு வந்தால் தீவையே உலுக்குகிற வடகாற்று. ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். தன் மகனுக்கும் பாந்தெலிஸின் மகள் மெரோபிக்கும் மோதிரம் மாற்ற தெஸ்ஸலோனிக்கியிலிருந்து வந்த வாத்தியார், காற்றில் கப்பல் ஓடவில்லை என்று இங்கேயே தங்கியிருந்தார்.

"வாழ்நாள் பூரா கிரேக்க இலக்கணம் நடத்தினவன் நான். நம்ம காத்துக்குத் துருக்கிக்காரன் வந்து பேர் வெச்சானா?"

"இல்ல, எங்க தாத்தா துருக்கிப் பக்கம் ஸ்மிர்னாவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போவாரு. அங்கயும் 'மெல்தெம்'னுதான்..."

"நம்மகிட்டருந்து திருடியிருப்பான்! இந்த வார்த்தைக்கு ஒரு முடிவு தெரியட்டும். அப்புறம்தான் மோதிரம். இல்லன்னா கிடைக்கிற கப்பல்ல கிளம்பிடுவேன்."

சமையலறை வாசலில் மெரோபி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "அப்பா, எதையாவது சொல்லிச் சமாளிங்க!"

"சரி, துருக்கி வேணாம். இத்தாலின்னு வெச்சுக்குவோம். 'மால் தெம்போ', கெட்ட வானிலை."

"கெட்டதா? வெந்து கிடக்கிற ஊருக்கே விசிறி வீசுது, அது கெட்டதா? நல்லா இருக்கய்யா உங்க நன்றி!"

பேச்சை மாற்றுகிற அவசரத்தில் பாந்தெலிஸ் மனைவியை நோக்கிக் குரல் கொடுத்தார். "கத்தீங்கோ, சம்பந்திக்குச் சூடா ஒரு துருக்கிக் காப்பி!"

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிரேக்கக் காப்பி!" என்று உள்ளிருந்து கத்தீங்கோ அலறினாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கடைசியில் பாந்தெலிஸ், மோதிரத்தை ஆசீர்வதிக்க வேண்டிய பாதிரியார் அந்திமோஸையே பஞ்சாயத்துக்குக் கூட்டிவந்தார். தொப்பியைக் காற்றுக்குக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தவர், உட்காருவதற்குள் தீர்ப்புச் சொன்னார்.

"இத்தாலிதான். ஆனா 'பெல் தெம்போ', நல்ல வானிலை."

"சாமிக்கு ஜெபம் தெரியும். இலக்கணம் தெரியுமா?" என்றார் வாத்தியார்.

"அப்ப மோதிரத்தையும் இலக்கணத்தை வெச்சே ஆசீர்வாதம் பண்ணிக்குங்க!" பாதிரியார் வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பாந்தெலிஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "சம்பந்தி, நீங்க சொன்னதே சரி. சுத்தக் கிரேக்க வார்த்தை. தாத்தா பொய் சொல்லிட்டாரு."

வாத்தியாரின் முகம் ஏனோ விழுந்துவிட்டது. "என்னது, அதுக்குள்ள ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்."

"காத்தடிக்கிற பக்கமெல்லாம் சாயற வீட்டுலயா எம்புள்ளைக்குப் பொண்ணு எடுக்கறது?" என்று எழுந்தவர், தட்டில் மிச்சமிருந்த அரிசி அடைத்த பூசணிப்பூவை வாயில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். "கப்பல் வரட்டும். ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்!"

மெரோபி விம்மினாள். பாந்தெலிஸுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு காற்றின் பெயருக்குப் பலி கொடுத்துவிட்டோமே!

கதவு படாரென்று திறந்தது. துறைமுகத்தில் சீட்டுக் கிழிக்கிற மத்தியோஸ் தலையை நீட்டி, வாத்தியாரைப் பார்த்துக் கேட்டான்.

"ஐயா, பெரிய கப்பல் நேத்தும் போச்சு, இன்னைக்கும் போயிடுச்சு, சாப்பாட்டை விட மனசில்லன்னு நீங்க கெஞ்சிக் கேட்டீங்களேன்னு இந்த வீட்டுல மூச்சு விடல. நாளைக்கும் 'கப்பல் இல்ல'ன்னே சொல்லிடவா?"