படத்தில் நிற்பவருக்கு உரிமை இல்லையாம்

எருத்தேம்பதி,
ஞாயிற்றுக்கிழமை காலை

வண்டிப்பெரியாரில் மளிகைக் கடை வைத்து நல்லபடியாக நடத்திவரும் மதிப்புக்குரிய மச்சான் தனபால் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் காளிச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பூவாத்தாளும் மகள் செல்வப்பிரியாவும் இரண்டு மாடுகளும் சுகம். கிணற்றில் தண்ணீர் சுமார். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை நின்றதா என்று கேட்கவில்லை. வண்டிப்பெரியார்க்காரர்களிடம் அதைக் கேட்டு எந்தப் பயனும் இல்லை. இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். போனில் சொன்னால் தாங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், மீதியைச் சொல்ல எனக்கு மனசு வராது. கடிதமென்றால் தாங்கள் சிரிப்பது இங்கே கேட்காது.

விஷயம் மகள் செல்வியின் வேலையைப் பற்றியது. பாலக்காடு போகிற வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அவள் தாவரவியல் துறையில் கெஸ்ட் லெக்சரராக இருப்பது தங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டு அங்கே சேருகிற பிள்ளைகளுக்குப் பயிர் நோய்ப் பாடம் மட்டும் ஏறுவதே இல்லையாம். புத்தகம் இங்கிலீஷ், வகுப்பு மலையாளம், நோய் மட்டும்தான் அவர்கள் வீட்டுத் தோப்பில் இருக்கிறது. அதனால் இவள் ராத்திரி பகலாக உட்கார்ந்து, அந்தப் பாடம் முழுவதையும் தமிழில் தன் சொந்த வார்த்தையில் குறிப்பாக எழுதி, டெல்லியில் அச்சடித்த ஒரு பெரிய புத்தகத்திலிருந்து சில படங்களை மட்டும் எடுத்துச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு நகல் கொடுத்தாள். பிள்ளைகள் பாசாகத் தொடங்கினார்கள். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. கல்லூரியைச் சோதிக்க ஒரு குழு வருகிறதென்று பிரின்சிபாலுக்குப் பரபரப்பு வந்து, நம் கல்லூரியில் என்னென்ன நடக்கிறது என்று உலகம் பார்க்கட்டும் என்று, செல்வியின் குறிப்பை அப்படியே கல்லூரி வெப்சைட்டில் ஏற்றிவிட்டார். குழு பார்த்ததா தெரியவில்லை. டெல்லிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் புத்தகத்துப் படங்களை அனுமதியில்லாமல் வெளியிட்டிருக்கிறீர்கள், எடுக்காவிட்டால் வழக்கு என்று டெல்லியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஏற்றியவர் பிரின்சிபால், மெமோ வந்ததோ செல்விக்கு. கொடுத்த நகல்களையெல்லாம் திரும்ப வாங்கி ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், ஏன் இப்படிச் செய்தாய் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அதுவரைக்கும் அடுத்த வருஷத்து வேலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. பரீட்சை வருகிற நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று நகலைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மௌனிகா என்று ஒரு பெண், "மிஸ், நான் இன்னும் பாதி படிக்கல, கையால எழுதி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாளாம். அதுவும் நகல்தானோ என்னவோ என்று இவளுக்குப் பயம் வந்து, பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் சாப்பிடவில்லை. பூவாத்தாள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்ம்மா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கமாகப் போன நான் எட்டிப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் ஒரு தென்னை. காண்டாமிருக வண்டு கடித்து, மட்டைகளெல்லாம் கத்தரித்து விட்ட மாதிரி நிற்கிறது. பின்னால் நம் மோட்டார் ரூம், நீலக் கதவோடு. மரத்தடியில் நம் பச்சைக் கரை உருமாலைத் தலையில் கட்டிக்கொண்டு, மீசையோடு, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓர் ஆள்.

"கண்ணு, இது நானாச்சே!" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "கை நெழலு மூஞ்சியில உழுந்திருக்குதுங்ப்பா. நான் இத்தனை நாளு மரத்தைத்தான் பாத்தேன், ஆளப் பாக்கல" என்றாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது மச்சான். விவசாயம் படிக்கிற பிள்ளைகள் வேன் நிறைய வந்தார்கள், கூடவே ஒரு கேமராக்காரர். நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். "மேல பாருங்க" என்றார், பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது, கையை வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வண்டு தாக்கிய தென்னையும், கவலையில் ஆழ்ந்த விவசாயியும்." எனக்கு வந்ததே கோபம். யார் கவலையில் ஆழ்ந்தது? ஒரு மரத்தில் வண்டு விழுந்தால் மருந்து வைக்கிறவன் நான், மரத்தடியில் நின்று ஆழ்கிறவன் இல்லை.

அடுத்த நாள் அதே உருமாலைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். செல்வி வேண்டாம் வேண்டாம் என்றாள். பிரின்சிபால் நல்ல மனிதர்தான், திருச்சூர்க்காரர், பயந்த சுபாவம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் படத்தைச் சுவரிலுள்ள பெரிய திரையில் போட்டு, "சேட்டா, அதின்றெ அடுத்து ஒண்ணு நிக்காமோ?" என்றார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "கை ஒண்ணு அதுபோலெ வெக்காமோ?" வைத்தேன். ஆபீசில் இருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா மீசையைப் பார்த்து உறுதி செய்தார். எல்லோரும் ஒரே முகம் என்று சொன்னதும் பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டு, "டீச்சருடெ சொந்தம் அச்சன்! பின்னெ எந்து கேஸ்?" என்று சொல்லி, படத்தில் இருப்பவர் எங்கள் ஆசிரியையின் தகப்பனார், இதைக் கல்லூரி நேரில் சரிபார்த்து உறுதி செய்துள்ளது என்று சீல் வைத்து டெல்லிக்கு அனுப்பினார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது செல்வி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

டெல்லியிலிருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது. படத்தில் இருப்பவரைப் பற்றித் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சியாம். ஆனால் படத்தின் உரிமை படம் எடுத்தவருடையதாம், அவர் அதை இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். படத்தில் நிற்பவருக்கு அதில் உரிமை ஏதும் இல்லையாம். செல்வி இதைப் படித்துச் சொன்னபோது நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன்.

"மரம் என்னுது" என்றேன்.

"ஆமாங்ப்பா."

"உருமாலு என்னுது. மூஞ்சியும் என்னுது. அப்ப அந்தப் படத்துல நான் யாரு?"

"நீங்க சப்ஜெக்டுங்ப்பா."

"அப்புடின்னா?"

"படத்துக்கு உண்டான பொருளுங்க."

பொருள்! ஐம்பது தென்னையும் இரண்டு மாடும் வைத்திருக்கிறவனைப் பொருள் என்கிறார்கள். பூவாத்தாள் அடுக்களையிலிருந்து, "இப்பவாச்சும் தெரிஞ்சுக்கிட்டாங்களே" என்று யாரையோ பார்த்துச் சொன்னாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் படம் ஆகாதென்றால் புதிதாக நாமே ஒரு படம் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று ஒரு யோசனை சொன்னேன். செல்விக்கும் அது சரியாகப்பட்டது. கேமராவையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனால், அந்த மரம் மருந்து வைத்ததில் நன்றாகத் தேறி, புது மட்டை விட்டுக் குலை குலையாகக் காய்த்து நிற்கிறது. நோயைக் காட்ட ஒரு மட்டை கிடையாது. எங்கள் தோப்பில் வேறு எந்த மரத்திலும் வண்டு இல்லை. இதற்காக வருத்தப்பட்ட விவசாயி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்துத் தோப்பு உமர் பாயுடையது. கொழிஞ்சாம்பாறையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய வேலியோரத்து மரத்தை வண்டு நன்றாகவே தின்றிருந்தது. போய்க் கேட்டேன்.

"அண்ணே, நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்றதா?" என்று தொடங்கியவர், படம் பாடத்தில் வரும் என்றதும் நின்றுவிட்டார். "என் மரத்தையா? நாலு காலேஜ் பசங்க அதப் பாத்துட்டு, உமர் தோப்புல பூச்சின்னு சொன்னா எங்கிட்ட எவன் எளநி குடிப்பான்? வேணும்னா நல்ல மரமா ஒண்ணு காட்டறேன், அதுல எடுத்துக்கங்க."

நல்ல மரத்தை வைத்து நோய்ப் பாடம் நடத்த முடியாது என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். அவர் எங்கள் இரண்டு பேருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்து, வேலிவரை வந்து வழியனுப்பினார். அன்று மாலை செல்வி வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அவள் அந்தக் குறிப்பு எழுதிய நாட்களில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, காகிதம் பறக்காமல் வேர்த்து வடிய எழுதியதைப் பார்த்தவன் நான்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போன அன்றுதான், பிரசவ விடுப்பில் இருந்த நூலகர் ஜெஸ்னா வேலைக்குத் திரும்பியிருக்கிறார். பாலக்காட்டுத் துணிக்கடைக் குடும்பத்துப் பெண், சத்தமாகப் பேசாது. செல்வி அழுவதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு, அவளைக் கையோடு பிரின்சிபாலிடம் அழைத்துப் போயிருக்கிறது. நானும் துணைக்குப் போயிருந்ததால் கதவோரம் நின்று கேட்டேன்.

"சார், பாடம் நடத்தற டீச்சர் பாடத்துக்காக நகல் எடுத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம். அதுக்குச் சட்டத்துலயே எடம் இருக்கு" என்றது ஜெஸ்னா. "வகுப்புக்குள்ள இருந்தவரைக்கும் தப்பே இல்ல. உலகத்துக்கே தெறந்து வெப்சைட்ல போட்டதுதான் பிரச்னை."

"அது ஆரு இட்டது?" என்று கேட்டார் பிரின்சிபால்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "சரி, எடுத்துக் களயாம்" என்றார்.

இவ்வளவுதான் மச்சான். வெப்சைட்டிலிருந்து எடுத்தார்கள். ஜெஸ்னா எழுதிய பதிலை டெல்லிக்காரர்கள் ஒத்துக்கொண்டு, வகுப்பில் பயன்படுத்துவதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று எழுதினார்கள். ஆபீஸ் பீரோவில் இருந்த நகல்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் மௌனிகா பாதியைக் கையால் எழுதி முடித்திருந்தாளாம். செல்விக்கு அடுத்த வருஷமும் வேலை உறுதி. நம் பூவாத்தாள் ஜெஸ்னாவின் குழந்தைக்கு ஒரு தூக்கு நெய் உருக்கிக் கொடுத்தனுப்பினாள்.

இன்னொரு சமாசாரம். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டதால், சம்மதம் கேட்டு எனக்கே எழுதியிருந்தார்கள். பொருளிடம் சம்மதம் கேட்கிறார்கள், பாருங்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: "கவலையில் ஆழ்ந்த" என்பதை எடுக்க வேண்டும். "தோப்பைப் பார்வையிடும் விவசாயி" என்று மாற்றுகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வாழ்க்கையில் எந்தக் கையெழுத்தையும் நான் இவ்வளவு நிம்மதியாகப் போட்டதில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடையில் வேலை செய்கிறவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். வீட்டில் எல்லாக் காரியமும் நல்லபடி நடக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
காளிச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பூவாத்தாள் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, படத்தை இதுவரை தனக்கு யாரும் காட்டவே இல்லை என்று சொன்னாள். காட்டினேன். பார்த்த உடனே, "ஏனுங்க, இது எங்கண்ணனல்லோ!" என்றாள். நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க. வேன் வந்தன்னிக்கு நீங்க கோயமுத்தூர்ல கண்ணு ஆப்பரேசன் பண்ணிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தீங்க. எங்கண்ணன்தான் கடையப் பூட்டிட்டு வந்து தோப்பப் பாத்துக்கிட்டாங்க. வேன் வந்ததும் எளநி வெட்டுனதும் நாந்தான் ஆஸ்பத்திரியில உங்களுக்குச் சொன்னேன். கேட்டுக் கேட்டு, இப்ப நீங்களே வெட்டுனாட்டம் எழுதி வெச்சிருக்கறீங்க" என்றாள். உருமால் நான் கழற்றி வைத்துவிட்டுப் போனதாம். யோசித்துப் பார்த்தேன் மச்சான். கண்ணில் கட்டோடு படுத்திருந்தது நினைவுக்கு வருகிறது. வேனை நான் பார்க்கவே இல்லை.

ஆகவே மேலே படத்தைப் பற்றி "நான்" என்று வருகிற இடத்திலெல்லாம் "தாங்கள்" என்று வாசித்துக்கொள்ளவும். திரைக்குப் பக்கத்தில் கையை வைத்து நின்றது மட்டும் நான்தான். சீல் வைத்த கடிதத்தைப் பற்றி இன்னும் பிரின்சிபாலிடம் சொல்லவில்லை. செல்வி சொல்லவே வேண்டாம் என்கிறாள்.

இன்னொன்றும் பூவாத்தாள் சொன்னாள். "அன்னிக்கு எங்கண்ணன் நெசமாலுமே கவலையாத்தான் நின்னாங்க. உங்க கண்ணு தெரியுமோ தெரியாதோன்னு டாக்டரு இன்னும் சொல்லல." அப்படியென்றால் டெல்லிக்காரர்கள் எழுதியது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பழைய வரியே இருக்கட்டும் என்று எழுதப் போகிறேன். ஆனால் கையெழுத்துத் தாங்கள்தான் போட வேண்டும். வருகிற வாரம் புறப்பட்டு வாருங்கள். இளநீர் வெட்டி வைக்கிறேன். இந்தத் தடவை வெட்டுவது நிச்சயமாக நான்தான்.