‘ஈரத்துணி’ இசைக்குழு முதிர்ச்சி அடைந்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கப்புறம் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டது. மூன்றாவதாக ஒரு மகத்தான காரியம் நடந்திருக்கிறது என்றால் அது எங்கள் ‘ஈரத்துணி’ இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. குழுவின் செயலாளர் என்ற முறையில், கடமையாகச் சொல்கிறேன்.

செயலாளர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பீக்கர் தூக்குவது, டீ வாங்கி வருவது, பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதுவது, இவைதான் என் இலாகாக்கள். பகலில் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. ‘எங்கள் தெருவில் தண்ணீரே வரவில்லை’ என்று ஒருவர் எழுதினால், ‘தங்கள் பகுதிக் குழாய்கள் தற்போது ஓய்வில் உள்ளன’ என்று பதில் எழுதுகிறவன் நான். இந்தத் திறமையைப் பார்த்துத்தான் குழு என்னைக் கொத்திக்கொண்டது.

குழுவில் மூன்றே பேர். பாடகருக்கு ‘ஆழம்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும், எதைக் குடித்தாலும் “ஆழம் பத்தல” என்பார். கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். டிரம்ஸ் வாசிப்பவர் ஆமாஞ்சாமி. இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது என் தங்கை, கீபோர்டு. முதல் ஆல்பத்தின் மெட்டுகள் அத்தனையும் அவள் போட்டவை. உறையில் மட்டும் ‘இசை: ஈரத்துணி’ என்று அச்சாகியிருந்தது. அடுத்த ஆல்பத்தில் அவள் பெயரைத் தனியாகப் போடுவதாக ஆழம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பி, மருந்துக் கடையில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள் அந்தப் பைத்தியக்காரி.

ஆழத்தின் அத்தை சலவைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே, துணி உலர்த்தும் அறையில்தான் எங்கள் ஒத்திகை. சுற்றிலும் ஈரப் படுக்கை விரிப்புகள் தொங்கும். சத்தம் தெருவுக்குப் போகாது. குழுவின் பெயர் வந்த வழி இது. ‘நவீன மனிதனின் கனத்த மௌனத்தை ஈரத்துணி குறிக்கிறது’ என்று அறிக்கையில் நான் எழுதியிருந்தேன். அது வேறு விஷயம்.

ஒரு நாள் ஆழம் வீங்கிய கன்னத்தோடு வந்து அவசரக் கூட்டம் கூட்டினார்.

“நம்ம முதல் ஆல்பத்துல பெரிய தப்பு நடந்துபோச்சு.”

“ஆமா,” என்றார் ஆமாஞ்சாமி.

“என்ன தப்புண்ணா?” என்றாள் தங்கை.

“ஜனங்களுக்குப் பிடிச்சிருச்சும்மா.”

விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கேன். அந்த ஆளு நம்ம பாட்டை முணுமுணுத்துக்கிட்டே என் கடவாப் பல்லைப் புடுங்குறான்! ஒரு கலைஞனுக்கு இதை விட அவமானம் உண்டா?”

“நல்ல விஷயம்தானேண்ணா? வலி தெரியாம இருந்திருக்கும்.”

“அதாம்மா பிரச்சினை! கலைன்னா வலிக்கணும். பல்லு புடுங்குறவன் முணுமுணுக்கிற பாட்டுல எப்படி ஆழம் இருக்கும்? நம்ம ஒலி மாறணும். முதிர்ச்சி அடையணும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கழுதைக்குப் பிடிச்சிருச்சுன்னா அது கற்பூரமே இல்ல!”

பழமொழியை இந்தக் கோணத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் உடனே குறித்துக்கொண்டேன்.

அன்று ஏகமனதாக, அதாவது ஆழத்தின் ஒரு மனதாக, ஒரு விதி நிறைவேறியது. எந்த மெட்டைக் கேட்டு எவராவது முணுமுணுக்கிறாரோ அந்த மெட்டு நீக்கப்படும். பரிசோதனைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கீழே அத்தை நாள் முழுக்க இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கிறார். மற்றவர்கள் மேலே வாசிப்பார்கள். நான் படியில் உட்கார்ந்து அத்தையின் வாயைக் கண்காணிப்பேன். உதடு அசைந்தால் மேலே தகவல் கொடுக்க வேண்டும். இதற்கு ‘முணுமுணுப்புத் தணிக்கை’ என்று பெயர் வைத்தவன் அடியேன்.

தங்கை முதல் மெட்டை வாசித்தாள். அத்தை தலையணை உறையை மடித்தபடியே “ம்ம்… ம்ம்ம்…” என்றார். நீக்கினோம். இரண்டாவது மெட்டுக்கு அத்தை மட்டுமல்ல, இஸ்திரி போட்ட சேலையை வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாவும் தலையாட்டினார். அதை நீக்கிய கையோடு, அதன் சாயல் இருந்த இன்னொன்றையும் முன்னெச்சரிக்கையாக நீக்கினோம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி அடித்து அடித்து ஆல்பத்தைவிட்டே இசையை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

டிரம்ஸ் கேட்டு அத்தையின் கால் தாளம் போட்டதால் ஆமாஞ்சாமி டிரம்ஸைக் கைவிட்டு, டிரம்ஸ் வந்த அட்டைப்பெட்டியைத் தட்டத் தொடங்கினார். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. “ஒழுங்கு ஆழத்துக்கு எதிரி,” என்றார் ஆழம். “ஆமா,” என்ற ஆமாஞ்சாமி, தட்டத் தோன்றியபோது தட்டினார், தோன்றாதபோது பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழம் பாடுவதை நிறுத்திவிட்டு, பாடுவதற்கு முன் இழுக்கும் மூச்சை மட்டும் பதிவுசெய்தார்.

அதைக் கேட்டு அத்தை கீழேயிருந்து கத்தினார். “டேய், மேல மோட்டார் ஏதாவது ரிப்பேரா? காத்து வாங்குது பாரு!”

“பாஸ்!” என்று துள்ளினார் ஆழம். ஆல்பத்தின் முதல் பாட்டு அன்றைக்குத்தான் பிறந்தது.

தங்கை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு மெட்டு மிச்சம் இருந்தது. அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று, ஆஸ்பத்திரி நடையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, பயம் தெரியாமலிருக்க அவள் தனக்குள்ளேயே பாடிக்கொண்ட மெட்டு. அம்மா பிழைத்து வந்துவிட்டார். மெட்டையும் இவள் விடவில்லை, இழைத்து இழைத்து வைத்திருந்தாள். “இதை மட்டும் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்கண்ணே,” என்றாள் என்னிடம்.

அதை வாசித்தாள். நான் படியில் உட்கார்ந்து அத்தையைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. எனக்கு நிம்மதி. அத்தை கண்ணை மூடி நின்றிருந்தார். கையும் அசையவில்லை. கைக்கு அடியில் இஸ்திரிப் பெட்டியும் அசையவில்லை. அதற்கு அடியிலிருந்து மெல்லப் புகை வந்தது.

மெட்டு முடிந்ததும் அத்தை மேலே ஏறி வந்தார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருகிய ஓட்டை. ஆல்பம் வெளியீட்டன்று ஆழம் போடுவதற்காகத் தைத்த சட்டை. அத்தை அதை ஆழத்தின் கையில் திணித்தார். தங்கையின் தலையில் கை வைத்து, “இன்னொரு தரம் வாசி கண்ணு,” என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆழம் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார்.

“பாத்தீங்களா? முணுமுணுப்பு கூட இல்ல. இது நேரடி தீ விபத்து!”

“ஆமா.”

“அத்தை முணுமுணுக்கலையேண்ணா. விதிப்படி இது பாஸ்தானே?” என்றாள் தங்கை.

“விதியோட ஆழத்தைப் பாரும்மா. எழுத்தைப் பாக்காத.”

மெட்டு நீக்கப்பட்டது. மெட்டுப் போடுகிறவர் குழுவில் இருக்கும்வரை மெட்டு வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், அவளும் ‘மிகுந்த அன்புடன் விடுவிக்கப்பட்டாள்’. இந்தச் சொற்றொடர் என்னுடையது அல்ல, ஆழத்துடையது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அறிக்கையில் வயிற்றுக்கு இடம் கிடையாது. ‘ஈரத்துணி தன் மெட்டுகளிலிருந்து விடுதலை பெற்றது’ என்று எழுதிக் கொடுத்தேன். தங்கை கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டு மறுபடி மருந்துக் கடைக்குப் போனாள். அம்மா மட்டும் சமையலறையில் அந்த மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தணிக்கை விதி தெரியாது.

வெளியீட்டு விழா பிரமாதம். அரங்கம் நிறைந்திருந்தது, எல்லோரும் முதல் ஆல்பத்தின் ரசிகர்கள், பாவம். மேடையில் ஆழம் மூச்சை இழுத்தார். ஆமாஞ்சாமி பெட்டியைப் பார்த்தார். பக்கத்து இருக்கை அம்மா என் காதில் கேட்டார்:

“என்ன சார், மைக் வேலை செய்யலையா?”

“இல்லம்மா, இது ரெண்டாவது பாட்டு.”

“அப்ப முதல் பாட்டு?”

“முடிஞ்சிருச்சும்மா.”

அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மீதியைத் தைரியமாக எதிர்கொண்டார். கூட்டம் வெளியேறும்போது நான் வாசலில் நின்று உன்னிப்பாகக் கவனித்தேன். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒருவர் மட்டும் திட்டினார். அதில் மெட்டு இல்லை. மறுநாள் ஒரு விமர்சகர், ‘கேட்கவே முடியாத அளவுக்கு முக்கியமான ஆல்பம்’ என்று எழுதினார். ஆழம் அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டினார்.

சில மாதம் கழித்து ஒரு மாலை, அம்மாவுக்கு மாத்திரை வாங்கத் தங்கையின் கடைக்குப் போயிருந்தேன். கையில் கல்யாணப் பத்திரிகையோடு ஆழம் உள்ளே வந்தார்.

“தங்கச்சி, எனக்குக் கல்யாணம்மா. வரவேற்புல நீ வந்து வாசிக்கணும்.”

“என்ன வாசிக்கணும்ண்ணா?”

ஆழம் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சட்டை கருகின மெட்டு.”

“அது நீக்கின மெட்டாச்சே?”

“பொண்ணு ஆசைப்படுறா. போன்ல பேசும்போதெல்லாம் நான் அதை முணுமுணுக்கிறேனாம். என்ன பாட்டு, என்ன பாட்டுன்னு உயிரை எடுக்கிறா.”

“புது ஆல்பத்தை வாசிக்கலாமேண்ணா? எவ்வளவு ஆழம் அதுல!”

ஆழம் பதறிப்போனார். “சேச்சே! வர்றவங்க எல்லாம் நம்ம சொந்தக்காரங்கம்மா! பெரியவங்க வருவாங்க, குழந்தைங்க வருவாங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

தங்கை பத்திரிகையை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“வாசிக்கிறேண்ணா. காசெல்லாம் வேணாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க, இந்த மெட்டு யார் போட்டதுன்னு.”

ஆழம் மூச்சை இழுத்தார். ஆல்பத்தில் இருக்கும் அதே மூச்சு.

“குழுவோட படைப்புன்னு சொல்லிரலாமேம்மா? தனி ஆளு பேரைச் சொன்னா… ஒரு மாதிரி… ஆழம் குறைஞ்சிரும்.”

தங்கை திரும்பி அலமாரியைத் திறந்தாள். தலைவலி மாத்திரை ஒரு பெட்டி முழுசாக எடுத்து, காகிதப் பையில் போட்டு, பத்திரிகையின் மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அப்ப புது ஆல்பமே வாசிங்கண்ணா. இது சொந்தக்காரங்களுக்கு என் மொய். பெரியவங்களுக்கு ஒண்ணு, குழந்தைங்களுக்குப் பாதி.”

ஆழம் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வண்டிச் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவியபடியே, தன்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டு போனார். எந்த மெட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. தங்கை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் வயிறு மறுபடி எரிந்தது. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, செயலாளர் என்ற முறையில் என் கடைசி அறிக்கையை எழுதி எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன்:

‘திருத்தம். ஈரத்துணி இசைக்குழு தன் ஒலி மாற்றத்தின்போது மெட்டுகளை நீக்கியதாக முன்பு வெளியிட்ட செய்தி தவறு. நீக்கப்பட்டது மெட்டு அல்ல, அதைப் போட்டவள். மெட்டு பாடகரிடம் பத்திரமாக இருக்கிறது.’