தனித்தீர்வை, பொதுத்தீர்வை, சுங்கத்தீர்வை

"பேத்தி உடுப்புக்கு இங்கிலாந்துக்காரனுக்கு ஒத்தப் பைசா தீர்வை கட்ட மாட்டேன்!" என்று ஃபிராங்க்ளின் சபதம் எடுத்தபோது அவர் வாயில் அரை இட்லி இருந்தது. சபதத்தில் பாதி சட்னியோடு உள்ளே போய்விட்டது. மீதிப் பாதி மனைவி பிலோமியின் காதில் விழுந்தது. அவளுக்கு அது போதும்.

"செத்தா ஆண்டவரு முன்னால தனித்தீர்வை, உலகம் முடிஞ்சா எல்லாருக்கும் பொதுத்தீர்வைன்னு ஞானோபதேசத்துல படிச்சோம். இந்தச் சுங்கத்தீர்வை மட்டும் உயிரோட இருக்கும்போதே வந்துருதே" என்றாள், இன்னொரு இட்லியை வைத்துக்கொண்டே.

தீர்வையைப் பற்றி வீட்டில் வேறு யாரும் பேசுவது ஃபிராங்க்ளினுக்குப் பிடிக்காது. துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் உப்பு எத்தனை கப்பலில் ஏறியதோ, அதில் பாதிக்குச் சுங்கக் காகிதம் எழுதிய கை. அந்தக் கை வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவியதில்லை என்பது வேறு விஷயம்.

மகள் அனுஜா இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸ். அவள் குழந்தைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். போன வாரம் ஃபிராங்க்ளின் ஆன்லைனில் வெள்ளிக் கொலுசு வாங்கி, கடைக்காரனையே நேராக அங்கே அனுப்பச் சொன்னார். கூரியர்காரன் வரியையும் வாங்கி, வரி வாங்கியதற்குக் கூலியையும் வாங்கிக்கொண்டுதான் பொட்டலத்தைக் கொடுத்தான். 'எங்கப்பா கஸ்டம்ஸ்ல புலி' என்று சொல்லித் திரிந்த மகள் போனில் சிரித்துவிட்டாள். அதனால்தான் சபதம்.

இப்போது வெள்ளை லேஸ் வைத்த ஞானஸ்நான உடுப்பு பீரோவில் காத்திருக்கிறது.

பிலோமிக்கு உடுப்பை அனுப்பும் ஆசையே இல்லை. அதற்குள் பிள்ளையைப் போட்டு, ஞானஸ்நானத் தொட்டி அருகே தானே ஏந்தி நிற்க வேண்டும். லெஸ்டருக்குப் போய்வரட்டுமா என்று நாலு மாதம் முன்பு ஒரே ஒரு முறை கேட்டாள்.

"அந்தக் குளிரு ஒன் முட்டிக்கு ஆவாது ஏளா. வீடியோவுல பாத்தா போதாதா? தண்ணி ஊத்துறது அதுலயும் தெரியும்" என்றார் அவர். உண்மைக் காரணம் சாயங்காலம் நாலு மணிக் காப்பி. அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவர் பயந்திருக்க வேண்டிய இடம் அது.

"கடைக்காரன் அனுப்புனா யாவாரம், நாம அனுப்புனா பரிசு. அவ்வளவுதான்" என்றார் இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு.

"பரிசுன்னா எவ்வளவு விலைக்கும் விட்ருவானா?"

"சின்ன வரம்பு உண்டு. இந்த உடுப்பு அதத் தாண்டும்."

"உடுப்பத் தனியா, தொப்பியத் தனியா ரெண்டு பொட்டலமாப் போட்டா?"

"ஒரே ஆளுக்கு ஒரே நேரம் போனா ரெண்டையும் சேத்துப் பாப்பான்."

"வெலயக் கொறச்சு எழுதுங்க."

"யாருகிட்டச் சொல்லுத? முப்பத்தொரு வருசம் பொய் வெல போட்டவன் இல்ல நான்!"

"பழைய துணின்னு எழுதிருங்க."

"ஞானஸ்நான உடுப்பயா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

பிலோமி முந்தானையால் மேசையைத் துடைத்தாள். "அப்போ வழியே இல்லன்னு சொல்லுதீய. புலின்னாங்க."

புலிக்கு ரோஷம் வந்தது.

"ஏன் இல்ல? பிரயாணி கையோட கொண்டு போனா வரம்பு பெருசு. அந்த உடுப்பென்ன, அது மாதிரி நாலு கொண்டு போலாம். ஒத்தப் பைசா கெடையாது!"

மேசை துடைப்பது நின்றது.

"நீங்களே சொல்லிட்டீய" என்று உள்ளே போனாள். உடுப்போடும் பாஸ்போர்ட்டோடும் வந்தாள். பாஸ்போர்ட்டில் விசா இருந்தது.

"இது எப்போ?"

"தங்கச்சிக்கு மேலுக்கு முடியலன்னு மெட்ராஸ் போனேம்லா. அவ கல்லுகணக்கா இருக்கா. நான் போனது விசாவுக்கு. அனுஜா டிக்கெட்டும் போட்டுட்டா. ஒங்க வாயால சொல்லாமப் போகமாட்டேன்னு மாதாகிட்ட நேந்திருந்தேன்."

ஃபிராங்க்ளின் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் பார்த்தே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுகிறவர். எதிரே நிற்கிறவளுக்குள் நாலு மாதமாக என்ன இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் உடுப்பின் லேஸைத் தடவிக்கொண்டிருந்தாள், பிள்ளையே உள்ளே இருப்பதுபோல. மறுக்க ஒரு விதி தேடினார். எல்லா விதியையும் அவரே சொல்லி முடித்திருந்தார்.

வாகைக்குளம் விமான நிலைய வாசலில் மெதுவாகக் கேட்டார்: "எப்போ வருவ?"

"முப்பத்தொரு வருசம் ஒங்களுக்கு டியூட்டி பாத்தாச்சு. ரெண்டு மாசம் டியூட்டி ஃப்ரீ" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஞானஸ்நானம் நல்லபடி முடிந்தது. வீடியோவில் தண்ணீர் ஊற்றியது தெரிந்தது. அதைவிட, பிள்ளையை ஏந்தியிருந்தவளின் முகம் தெரிந்தது. ஃபிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வைக்கப் போனார். பத்து நிமிஷத்தில் லெஸ்டருக்கு மறுபடி போன்.

"ஏளா, உப்பு டப்பா எங்கன இருக்கு?"

"கப்பல் கப்பலா ஏத்தி விட்டீயளே, வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைக்கலியா?"