அகராதியில் ஏறாத உத்தியோகம்

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்,
ஹைதராபாத்.
14-3-1987, சனிக்கிழமை

மகா ராஜராஜஸ்ரீ பத்ரிநாராயணன் அத்திம்பேருக்கு லக்ஷ்மிநாராயணன் அநேக நமஸ்காரம். இவ்விடம் தண்ணீர்க் குழாயைத் தவிர எல்லோரும் க்ஷேமம். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நிற்க. நம் கிரிஜாவுக்காகத் தாங்கள் பார்த்து அனுப்பிய சந்திரமோகன், வியாழனன்று பெண் பார்த்துவிட்டுப் போனான். பையன் லட்சணம், ஜாதகமும் பொருந்துகிறது. ஆனால் என்ன உத்தியோகம் என்றால் 'சாஃப்ட்வேர்' என்கிறான். உள்ளே போய் அகராதியைப் பார்த்தேன். என் அப்பா கொடுத்தது, 1911-இல் அச்சானது; அதைப் புரட்டாமல் நான் ஆபீஸில் ஒரு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. 'சாஃப்ட்' இருக்கிறது, 'சாஃப்ட்லி' இருக்கிறது, மாப்பிள்ளையின் உத்தியோகம் இல்லை. திரும்பி வந்து, அப்படியென்றால் என்னப்பா என்றேன், சொஜ்ஜி வைத்திருந்த தட்டைக் காட்டி இது ஹார்ட்வேர் மாதிரி என்றான், சரி, அப்போ சொஜ்ஜிதான் மற்றதாக்கும் என்றால் இல்லையாம், சொஜ்ஜி கிளறுகிற விதமாம், அதைக் கையால் தொட முடியாதாம், அதற்கு மாசாமாசம் சம்பளமாம். அப்படி ஒரு கம்பெனி இருந்தால், இத்தனை வருஷம் எனக்குச் சொஜ்ஜி கிளறிப் போட்ட கல்பகமல்லவா முதலில் வேலைக்குப் போயிருப்பாள்?

கிரிஜாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் அம்மாவுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. நான்தான் நடுவில் அல்லாடுகிறேன். ஒரே பெண், அத்திம்பேர். இந்த வார்த்தையே வேண்டாம் என்று இங்கிலீஷ்காரன் நாளைக்குத் தீர்மானித்தால் இவள் கதி என்ன என்று பயமாக இருக்கிறது. ஆகவே அது அகராதியில் ஏறும்வரை பிள்ளை வீட்டாரைப் பொறுக்கச் சொல்லவும். முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக, நல்ல இங்கிலீஷோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பி.கு.: ஞாயிறு காலை. இதைத் தபாலில் போடச் சொல்லிக் கிரிஜாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். அகராதியைக் கொஞ்ச நேரம் புரட்டினாள். பிறகு ஹாலுக்குப் போய் டெலிவிஷன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒன்பதரை மணித் தொடர் ஆரம்பிக்கிற நேரம், பிளாக்கில் உள்ள அத்தனை பேரும் நம் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“டெலிவிஷனும் உங்க புஸ்தகத்துல இல்லேப்பா. ஏறற வரைக்கும் நக்கோ,” என்று இந்த ஊர்ப் பாஷையில் வேண்டாமென்றாள்.

கல்பகம் என்னைப் பார்த்தாள். மாடி வீட்டு பகவதி மாமியும் பார்த்தாள்.

மேலே எழுதிய அத்தனையும் அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். எங்களுக்குப் பூரண சம்மதம் என்று உடனே சொல்லிவிடவும். முகூர்த்தம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டாம்.